உன் காலிப்பர், என் லீவர்

இன்று காலை இட்லியில் பிரேக் ஆயில் வாசம் அடித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல் இடுக்கில் இருந்து போகவில்லை. உன் சட்டையிலும் இதே வாசம்தான் அடிக்கும். போய்ச் சேர்ந்த பிறகும் என் தட்டில் கை வைக்கிறாயே என்று எரிச்சலாக வந்தது.

என் மகள் சிந்து பழைய சைக்கிள் ஒன்று வாங்கி வந்தாளே, டிஸ்க் பிரேக் வைத்தது. கையில் அழுத்துகிற லீவர் நன்றாக இருந்தது. சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்தான் இறுகிக் கிடந்தது. இரண்டையும் ஒரே கம்பெனியில் புதிதாக வாங்கலாம் என்றேன். அவள் தாய்மாமன் நீயோ, உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வேறு கம்பெனிக் காலிப்பரைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய்.

"ஏன் மாப்ள, வேற வேற கம்பெனிக்காரனைச் சேத்திக் கட்டுனா, புள்ள மருதமலை எறங்கறப்ப பிரேக் புடிக்குமா?"

நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சம்பந்தம் பண்றவங்க ரெண்டு பேரும் ஒரே ஊட்டுக்காரங்களாவா இருக்கறாங்க? ஆயில் ஒண்ணா இருக்கோணும், குழாய் முனை சேரோணும். அவ்வளவுதான். நீ போய் டீ வெக்கச் சொல்லு."

என் வீட்டில், என் மகள் சைக்கிளுக்கு, எனக்குக் கிடைத்த வேலை அது.

பத்தாவதில் உன்னைவிட எனக்கு மார்க் அதிகம். சிந்து அதை மதித்ததே இல்லை. நான் ஸ்பேனரைத் தொட்டாலே, "மாமா வரட்டுங்க அப்பா" என்பாள். ரோஷத்தில் ஒரே கம்பெனி செட் ஒன்று வாங்கி பீரோ மேல் வைத்தேன். உன் கலப்பு பிரேக் என்றைக்காவது கெடட்டும், அதுவும் அவள் பத்திரமாக வாசலுக்கு வந்த பிறகு கெடட்டும் என்று காத்திருந்தேன். ஞாயிறுதோறும் அவள் மருதமலை போய்த் திரும்பியதும், "பிரேக் எப்படி கண்ணு?" என்பேன். "சூப்பருங்க அப்பா." பெட்டியில் தூசி ஏறியது.

சித்திரையில் நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது கெடவில்லை. நேற்றுத்தான் ஆயில் கசிந்தது. அதுவும் பழைய லீவரில். உன் காலிப்பரில் இல்லை. வேறு ஆள் இல்லாததால் சிந்து என்னிடம் வந்தாள். நோம்பிக்குப் புதுத்துணி எடுப்பதுபோல் பெட்டியை இறக்கினேன்.

"முழுசா மாத்திப்போடலாம் கண்ணு."

"லீவர் மட்டும் போதுங்க அப்பா. மாமா போட்ட காலிப்பர் நல்லாத்தான இருக்குது."

"அது வேற கம்பெனி!"

"ரெண்டுக்கும் ஆயில் ஒண்ணுதானுங்க. குழாய் முனையும் சேருது, பாத்துட்டேன்."

என் மகள் வாயில் உன் பேச்சு. பெட்டியிலிருந்து லீவரை மட்டும் வெளியே எடுத்தேன்.

இன்று விடிந்ததும் என் லீவரை உன் காலிப்பரோடு சேர்த்தேன். ஊசியில் ஆயில் ஏற்றி, உன்னைப் போலவே காலிப்பரைத் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றினேன். அன்று உனக்கு டீ கொண்டுவரும் சாக்கில் நான் நின்று பார்த்து வைத்தது. அவள் மருதமலைக்குக் கிளம்பிப் போனாள். எனக்கு இட்லி இறங்கவில்லை. உன் பிரேக் பிடிக்க வேண்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

மதியம் கேட் முன்னால் சைக்கிள் கச்சிதமாக நின்றது.

"எப்படி கண்ணு?"

"மாமா போட்டாப்லயே இருக்குதுங்க அப்பா!"

பாராட்டு எனக்கா உனக்கா என்று இன்னும் பிடிபடவில்லை. மிச்சமிருந்த என் காலிப்பர் திரும்பவும் பீரோ மேல் ஏறிவிட்டது. அவள் அழுத்துவது என் லீவர், பிடிப்பது நீ. வயிறு எரியத்தான் செய்கிறது. இருந்தாலும் மாப்ள, கெட்டியாகப் பிடி.