கிணற்றடியில் நட்ட கல்

கண்டக்குழி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள என் கணவர் ஃபைஸல் அவர்களுக்கு, ஹஃபீலா ஸலாம் சொல்லி எழுதுவது.

போனில் நீங்கள் என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை. அதனால் லீவு முடிந்து நீங்கள் இருக்கும் கத்தாருக்குத் திரும்பும் நஜாத்திடம் இதைக் கொடுத்து விடுகிறேன். கடிதத்தை இடையில் மறிக்க முடியாது, வாசித்துத்தான் ஆகவேண்டும். பிள்ளைகள் சுகம். ஸஃப்னாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

நேற்று உங்கள் தம்பி அன்ஸார் மண் வழிக்கும் பெக்கோ இயந்திரத்தோடு வந்தார். அதிகாரிகள் மறுபடி அளக்க வருமுன் கண்டல் மரங்களை வழித்துவிட்டால் காணி தப்பும் என்று நீங்கள் சொன்னீர்களாம். நான் குசினிக் கதிரையைத் தூக்கிப்போய் வேலிக் கடப்பில் போட்டு உட்கார்ந்தேன். எழும்புங்க மதினி, நாநா ஏசுவாரு என்று கெஞ்சினார். ஏசட்டும் என்றேன். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை அசையவில்லை. பெக்கோக்காரர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அதற்காக நான் அதிகாரிகள் பக்கம் என்று நினைக்க வேண்டாம். கடல்நீர் ஏறி நிற்கும் பாதுகாக்கப்பட்ட களப்பு என்று நம் கிணற்றடியில் எல்லைக் கல் நட்டார்களே, எப்படித் தெரியுமா? கார்த்திகையில் வந்து அளந்திருக்கிறார்கள். மாரித் தண்ணீர் கிணறுவரை ஏறும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் நின்ற இடமெல்லாம் களப்பென்றால் பள்ளிவாசல் முற்றமும் களப்புத்தான். அவர்கள் கந்தோருக்கே போய் இதைச் சத்தமாகச் சொன்னேன். கல்லை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் கரைச்சல் இல்லை என்று அங்குள்ள பெரிய அதிகாரி கடதாசியை நீட்டினார். தண்ணீர் வற்றும் ஆடியில் வந்து அளக்காமல் பேனையைத் தொடமாட்டேன் என்றேன். வருவதாக எழுதித் தந்திருக்கிறார்.

கண்டலை வெட்டி ஹோட்டல் கட்டிய பக்கத்துக் காணியில் ஒரு கல்லும் இல்லை. வெட்டாமல் வைத்திருந்த நமக்குத்தான் கல். எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தை மரத்தில் காட்ட மாட்டேன். அந்த வேருக்குள் வளரும் இறாலைப் பிடித்து விற்றுத்தான் என் வாப்பா என்னைக் கட்டிக் கொடுத்தார். சீதனமாக என் பெயருக்கு எழுதிய காணி உறுதியில் கண்டலும் சேர்ந்திருக்கிறது. கொக்குகள் கூடு கட்டட்டும், நான் விரட்டப் போவதில்லை. வெட்டச் சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, பறிக்க அவர்களுக்கும் உரிமையில்லை.

பதினொரு நாளாக நீங்கள் அழைக்கவில்லை. வெட்டாவிட்டால் ஊருக்கே வரமாட்டேன் என்று நீங்கள் சொன்னதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. ஆடி லீவுக்கு வாப்பா வருவார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்களை அந்த வெயிலில் சுகமாக வைக்கட்டும். அளக்க வரும் அன்று வேலிக் கடப்பில் இரண்டு கதிரை போட்டு வைப்பேன்.

உங்கள் மனைவி,
ஹஃபீலா