கை மாறிய ரிசீவர்

அக்கா,

இன்று பூத்தைக் காலி செய்தேன். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட பிறகு எஸ்.டி.டி. பேச யார் வருகிறார்கள்? மேசையின் அடி இழுப்பறையில் உன் ரப்பர் கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்தப் பழைய ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எண்பத்தொன்பதில் கல்யாணமாகி பினாங்குக்குப் போனாய். வருடம் தவறாமல் கார்த்திகை தீபத்துக்குப் பிள்ளைகளோடு வருவாய். கூட்டம் கலைந்த மறுநாள், நீ கொண்டுவந்த கையுறையை எனக்கும் மாட்டிவிட்டு, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை சாக்கோடு கூட்டிப் போய்க் குப்பை பொறுக்கவைப்பாய். ஊர் சிரித்தது. உனக்குக் கவலையில்லை. “அங்க ஞாயித்துக்கிழமைன்னா பீச்சுல இதான் வேலை. முடிச்சிட்டு மரத்தடியில சேர்ந்து சாப்பிடுவோம். எங்கெங்கிருந்தோ வந்தவங்க, எங்களுக்கு வேற சொந்தம் யாரு?” என்பாய். கடலைப் பக்கத்தில் போய்ப் பார்த்திராத எனக்கு அதைக் கேட்டாலே பயம். ஞாயிறு சாயங்காலம் உன் போன் வரும்வரை மனசு ஒரு நிலையில் இருக்காது.

இரண்டாயிரத்து நாலில் நீ தீபத்துக்கு வரவில்லை, பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். மார்கழி பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. செங்கம் ரோட்டில் காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம். பத்து மணி வாக்கில் எதிர் டீக்கடை டி.வி. முன்னால் ஆட்கள் கூடினார்கள். மெரினாவுக்குள் கடல் புகுந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் என் பூத்தில் வரிசை நின்றது, பாதிப்பேர் இங்கே வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள். சென்னையில் இருக்கும் தம்பியோடு பேசி முடித்த ஒருவர், கடல் முதலில் உள்வாங்கியது, வேடிக்கை பார்க்கப் போனவர்களைத் திரும்பி வந்து அள்ளியது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து நின்றவர் பின்தெரு மாடியில் எட்டு வருடமாகக் குடியிருந்த வெள்ளைக்கார அம்மா. நரைத்த ஒற்றைப் பின்னல். அவரைப் பார்க்க அவர் நாட்டிலிருந்து வந்திருந்த மகளும் பேத்தியும் முதல் நாள்தான் மகாபலிபுரம் போயிருந்தார்கள். மகள் தங்கியிருந்த லாட்ஜ் நம்பரை அவர் திரும்பத் திரும்ப அழுத்தினார். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. எனக்கு அப்போதுதான் உறைத்தது: இன்று ஞாயிறு. நீ கடற்கரையில் இருப்பாய்.

அவர் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினேன், அக்கா. “ஒரு நிமிஷம் குடுங்க” என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையிலேயே உன் செல்போன் அடித்தது.

“என்னடி இந்நேரத்துல? இங்க ஒரு அதிசயம். தண்ணி ரொம்ப உள்ள போயிடுச்சி. அடியில இருக்கிற குப்பை பூரா தெரியுது. பொறுக்கலாம்னு இறங்கிட்டிருக்கோம்.”

“அக்கா, ஓடு. எல்லாரையும் கூட்டிட்டு மேல ஓடு. எதுவும் கேக்காத, ஓடு.”

லைன் அறுந்தது. அதற்குப் பிறகு எந்த ஊருக்கும் கிடைக்கவில்லை. அந்த அம்மா மதியம்வரை என் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு டாக்சி பிடித்துப் போனார். இருட்டும் நேரத்தில் போன் அடித்தபோது எடுக்கக்கூடக் கை வரவில்லை. நீதான். ரோட்டைத் தாண்டி மேட்டில் ஏறி நின்றபோது அலை வந்ததாம். நீங்கள் சாப்பிட உட்காரும் மரம் அதற்கப்புறம் அங்கே இல்லையாம். உன் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

அந்த அம்மா திரும்பி வரவே இல்லை. மகள் கிடைத்தாளா, பேத்தி கிடைத்தாளா, யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்து வேறு ஆளுக்கு விட்டார். நான் பிடுங்கியபோது மகாபலிபுரத்தில் அலை அடித்து ஓய்ந்திருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் பிடுங்கியபோது எனக்கு அது தெரியாதே.

பொங்கலுக்கு நீ வந்தாய். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன். என்னைத் திட்டுவாய், இல்லையென்றால் தேற்றுவாய் என்று நினைத்தேன்.

“நானா இருந்தாலும் அதான்டி செஞ்சிருப்பேன்,” என்றாய். பிறகு மெதுவாக, “அதான் பயமா இருக்கு.”

இரண்டே வருடத்தில் நோய் உன்னைக் கொண்டுபோனது. அந்தச் செய்தியும் இதே போனில்தான் வந்தது. கடலிடமிருந்து இழுத்துப் பிடித்தவளை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இழுக்க முடியவில்லை.

அந்த நிமிஷம் திரும்பி வந்தால் இன்றைக்கும் பிடுங்குவேன், அக்கா. அது தெரிந்தேதான் நடமாடுகிறேன். பௌர்ணமிக் கூட்டத்தில் நரைத்த பின்னலோடு ஒரு வெள்ளைக்கார அம்மா எதிரே வந்தால் நின்றுவிடுகிறேன். அவராக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்றும் வேண்டுகிறேன்.