என் மல்பெரி வரிசை

8 ஜூலை, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. விட்டதும் பின்பக்கம் மல்பெரி பார்க்க ஓட்டம். இரண்டு வரிசை. ஒன்று பாக்டீரியாக் கரைசலில் வேர் நனைத்து நட்டது. மற்றது வெறும் தண்ணீரில். என் பாக்டீரியா வரிசை கரும்பச்சை, இலை உள்ளங்கை அகலம். மற்றது சோனி. சேற்றில் சிலிப்பர் அறுந்தது. பரவாயில்லை.

என் வீட்டுக்காரர் சுரேஷ் வேலைக்குப் போயாச்சு. அவர் அப்பா, என் மாமாவிடம்தான் மறுபடி விளக்கம். இந்தப் பாக்டீரியா செடிக்குள்ளேயே குடியிருக்கும், கெடுக்காது, வேரை வளர்க்கும், காற்றிலிருந்து சத்து பிடித்துக் கொடுக்கும்.

“கிருமியாமா?” மாமா சிரித்தார். பாவம், புரியவில்லை என்று நினைத்தேன்.

11 ஜூலை, வெள்ளி

மெர்கோங்கிலிருந்து ஹமீதா அக்கா. மல்பெரி இலைத் தேத்தூள் விற்பவர். சொந்தமாக நடப் போகிறாராம்.

“என்னா லா இது, பக்கத்துல பக்கத்துல நட்டும் இவ்ளோ வித்தியாசம்!”

“பாஜா, உரம் எதுவுமே போடலக்கா. எல்லாம் பாக்டீரியா வேல.”

நிறுத்தாமல் பேசினேன். மாமா மண்வெட்டியோடு பக்கத்தில். மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார். அக்கா இனி உரமே வாங்கப் போவதில்லையாம். கரைசல் மட்டும் போதுமாம்.

12 ஜூலை, சனி

துணி காயப்போடப் போனேன். மாமா என் வரிசையில் குனிந்து, டப்பாவிலிருந்து வெள்ளைக் குருணை. யூரியா.

“மாமா! என்னா பண்றீங்க?”

கையைப் பின்னால் மறைத்தார்.

“மொதல்ல ரெண்டும் ஒரே மாரிதான்மா இருந்திச்சி. நீ தெனம் பாத்துட்டு மூஞ்சி வாடிப் போவ. அதான் கொஞ்சமா...”

“உங்களால என் மானமே போச்சு!”

கத்திவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள். மாமா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படித்தவள் நான். அந்தக் கரும்பச்சையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கணும். வரவில்லை. வர விடவில்லை.

இரவு சாப்பிடக் கூப்பிட்டேன். “பசிக்கலமா.”

13 ஜூலை, ஞாயிறு

ஹமீதா அக்காவுக்குப் போன். சொல்லிவிட்டேன். யார் போட்டது என்று கேட்டார்.

“எங்க வீட்லதான்க்கா. நான் ஒழுங்கா கவனிக்கல.”

அக்கா, “தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லிட்டேனே லா. இப்ப எப்படிச் சொல்றது?”

முகமெல்லாம் சுட்டது.

15 ஜூலை, செவ்வாய்

வெயில். இரண்டு வரிசையையும் பிடுங்கியாச்சு. உரம் படாத மூலையில் புதுக் குச்சிகள். பாக்டீரியா வேலை செய்யுமா, தெரியாது. இப்போதுதான் உண்மையாகத் தெரியாது.

மாமா தானே வந்து குழி வெட்டினார். தேத்தண்ணி கொண்டுபோனேன்.

“மாமா, அன்னிக்கி நான் கத்துனது...”

நிமிரவில்லை. “இந்தத் தடவ வளரலன்னா அழுவியாமா?”

“தெரியல மாமா.”

“அழுதா அழு. நான் டப்பாவத் தொடாம அந்தப் பக்கம் போயிடுவேன்.”