உன் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று

அன்புள்ள அம்மாடிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் நலம், கடை நலம், உன் அம்மாவின் கோபம் ரொம்ப ரொம்ப நலம். அங்கே உன் தோள்பட்டை, முழங்கால், விரல் பத்தும் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் என்ன திடீரென்று காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாரே என்று பார்க்கிறாயா? எல்லாம் உன் அம்மாவின் உத்தரவு. "வாயால சொன்னா மழுப்பிடுவீங்க, எழுதுங்க, நான் படிச்சுப் பார்த்துட்டு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து கடைக்கு வந்த ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே கண்ணாடியைக் கால் மணி நேரமாகத் துடைக்கிறாள். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஒருவர் நான் இல்லை.

எந்த ஒருவர் என்று உனக்கே தெரியும். சனிக்கிழமைதோறும் நம் கடையில் நாங்கள் ஆடுகிறோமே, நீ கேட்டுக் கேட்டுச் சிரித்த அதே ஆட்டம்தான், உங்கள் லீக்கில் விளையாடுகிற பெண்களில் ஆளுக்குப் பதினொரு பேரைப் போனில் பொறுக்கி வைத்துக்கொள்வோம், அங்கே நீங்கள் நிஜமாக ஓடி உதைக்க உதைக்க இங்கே எங்களுக்குப் புள்ளி ஏறும், ஆட்டம் நடக்கும்போதே ஆளை மாற்றலாம், ஆளுக்கு ஒரு டீக்காசு போட்டு முதலில் வருகிறவருக்கு மொத்தமும். அந்த ஆப்பில் ஒவ்வொரு ஆட்டக்காரியின் பெயருக்குப் பக்கத்திலும் அவளை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் அணியில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு எண் இருக்கும். உங்கள் முதல் கோல்கீப்பருக்குப் பன்னிரண்டாயிரம். இருபத்திரண்டு வாரமாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த உனக்கு ஒன்று. நீ அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாய். "பேசாம ஊருக்கு வந்துடலாம்னு இருந்தேன்ப்பா, இந்த ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் உட்கார்ந்துதான் பார்ப்போமேன்னு தோணுது, அது நீங்கதானே" என்று கேட்டாய். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இருமினேன். நீ அழ ஆரம்பித்துவிட்டாய். அழுகிற பிள்ளையிடம் போய் உண்மை பேச எனக்கு எங்கே தைரியம்? இருமியதோடு இருந்துவிட்டேன். உண்மையில் என் அணியில் இருந்தது அந்த முதல் கோல்கீப்பர்தான். முறைக்காதே. பாசம் வேறு, புள்ளி வேறு என்று நான் நினைத்தேன். எழுதிப் பார்க்கும்போது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் நீ இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, மூட்டை கட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அதை என் இருமலை நம்பிச் செய்யக்கூடாது என்று உன் அம்மா சொல்கிறாள். சொல்ல அவளுக்குத்தான் உரிமை. ஏனென்றால் அந்த ஒருவர் அவள்தான். ஆமாம், நீ கிளம்பியபோது "பந்து பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்டு ஒரு மாதம் உன்னோடும் என்னோடும் பேசாமல் இருந்தாளே, சாட்சாத் அவளேதான்! எங்கள் ஆட்டத்தில் 'ஊமைக்கோட்டான்' என்று ஒரு ஆள் இருந்தது, மருந்துக்கடைக்காரரின் மச்சினன் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கல்யாணமான புதிதில் நான் இவளைக் கேலியாகக் கூப்பிட்ட பேர் அது, எனக்கே மறந்துபோச்சு. அந்த ஆளின் டீக்காசு எதிர்க்கடைத் தையல்காரம்மா கையால் வந்துவிடும்.

நான் எவ்வளவு பெரிய மடையன் என்று கேள். சனிக்கிழமை சாயங்காலமானால் உள்ளறையில் உன் அம்மா லென்ஸ் தேய்க்கிற மெஷின் நின்று நின்று போகும். மெக்கானிக்கை இரண்டு தடவை வரவழைத்தேன். அவன் கழற்றி மாட்டிவிட்டு "மெஷின்ல ஒண்ணுமே இல்ல சார்" என்று உன் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான், எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. உன்னிடம் போனில், அந்த உயரமான பெண்ணுக்குக் கால்வலி போச்சா, சுருட்டைமுடிக்காரிக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஊர்ப்பட்ட விசாரணை செய்வாளே, என்ன கரிசனம் என்று நீயும் உருகினாய், நானும் உருகினேன். அத்தனையும் உளவு! யார் தேறுவாள், யார் தேறமாட்டாள் என்று பார்த்து அணியை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். ராத்திரி பகலாகப் புள்ளிவிவரம் படித்த நான் ஐந்தாவது இடம், இவள் மூன்றாவது. அதுவும் உன்னைக் கேப்டனாக வைத்துக்கொண்டு. கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. பூஜ்யத்தை இரட்டித்தால் என்ன வரும் என்று அந்த ஊமைக்கோட்டானை நான் வாராவாரம் கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை உங்கள் முதல் கோல்கீப்பர் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது நான் "ஐயோ என் புள்ளி" என்று கத்தினேன். அடுத்தது நீதான் இறங்குவாய் என்பது எனக்கு அப்புறம்தான் மண்டையில் ஏறியது, இதையும் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். உள்ளறையில் மெஷின் நின்றது. "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, ஆனா உடனே எழுந்துக்கவும் வேண்டாம்" என்று அவள் வேண்டிக்கொண்டது முன்கூடம் வரை கேட்டது. அப்போது ஒரு வங்கிக் காவல்காரருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தோராவது நிமிடம் பெனால்டி என்றதும் அவரும் எல்லாம் இரண்டாகத் தெரிகிற சோதனைக் கண்ணாடியோடு எழுந்து டிவி முன்னால் வந்து நின்றுவிட்டார். நீ இடப்பக்கம் பாய்ந்து பிடித்தாய். "ரெண்டு பந்தையும் பிடிச்சுட்டாங்க சார்!" என்று அந்த மனுஷன் குதித்தார். உன் அம்மா ஈரக்கையில் போனோடு ஓடி வந்தாள், எதிரே இருந்து தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து "அக்கா, ஜெயிச்சுட்டீங்க" என்று கட்டிக்கொண்டாள். நான் போனைப் பார்த்தேன். முதல் இடம், ஊமைக்கோட்டான்.

அதோடு விட்டிருந்தால் சந்தோஷம்தான். ஆட்டம் முடிந்து நீ கூப்பிட்டு, "நீங்க ஒருத்தர்தானேப்பா என்னை நம்பினீங்க" என்று சொன்னாய். ஸ்பீக்கரில் இருந்தது. நான் மறுபடியும் இருமினேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், பன்னிரண்டு நாளாக அந்தப் பார்வைதான் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் நீ நின்றபோது உன் எண் மூவாயிரத்துச் சொச்சம். "இத்தனை நாள் இவங்கல்லாம் எங்க போயிருந்தாங்களாம்" என்று உன் அம்மாவுக்கு அதிலும் எரிச்சல். இப்போது உங்கள் முதல் கோல்கீப்பருக்குத் தோள் சரியாகிவிட்டதாம், வருகிற சனிக்கிழமை அவள்தான் நிற்கிறாள், நீ மறுபடி பெஞ்சு என்று முந்தாநாள் சொன்னார்கள். மூவாயிரம் பேரும் போன சுவடு தெரியவில்லை. நீ இரு என்றோ வா என்றோ நாங்கள் சொல்லப்போவதில்லை. உன் அம்மாவைக் கேட்டேன். "அவ உட்கார்ந்தாலும் நின்னாலும் இங்கயே வந்துட்டாலும் என் டீமுக்கு அவதான் கேப்டன்" என்றாள். அவள் கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கும் எழுத்து மங்குகிறது. இன்று காலை பார்த்தேன், உன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு என்று இருக்கிறது.

தோளும் மனசும் உறுதியாக, நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு. பெஞ்சில் உட்காரும்போது முழங்காலைப் போர்த்திக்கொள், டிவியில் பார்த்துவிட்டு இவள் என்னைத் திட்டுகிறாள். அந்த உயரமான பெண்ணுக்கு இருமல் நின்றதா என்று சனிக்கிழமைக்குள் அம்மாவிடம் சொல்ல வேண்டுமாம். எனக்கும் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன்னை வைத்திருக்கும் இருவரில் தாமதமாக வந்தவன்,
அப்பா