காதுக்குப் பின்னால் ஒரு விரற்கடை இடம்

நைனா,

இன்று காலை உன் பேரன் என் காலடியில் ஒரு டப்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். சர்க்கரை வந்து என் பாதங்கள் மரத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. முள் குத்தினாலும் தெரியாது, தண்ணீர் சுட்டாலும் தெரியாது. வேறு யாராவது சூடு பார்த்த பிறகுதான் கால் வைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வழக்கமாக மருமகள் பார்ப்பாள். அவள் ஊருக்குப் போயிருக்கிறாள். இவன் ஒரு டம்ளரில் தண்ணீரை மொண்டு, தலையைச் சாய்த்து, டம்ளரை வலது காதுக்குப் பின்னால் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றான். ஐம்பதைத் தாண்டிய ஆள், மீசையெல்லாம் நரை, கண்ணை மூடிக்கொண்டு அப்படி நிற்கிறான். 

"இன்னாடா பண்ற?"

"சூடு பாக்கறேம்மா. தாத்தா இப்டித்தான பாக்கும்."

நீ போகும்போது அவனுக்கு ஆறு வயது. உன் முகமே போட்டோவில் பார்த்துத்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். முகம் மறந்திருக்கிறது, இது மறக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

உன் கையிலிருந்து தொடங்குகிறேன். அயனம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த கை அது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கம்பெனி ஒன்றில் உலைக்குப் பக்கத்தில் உன்னை நிறுத்தினார்கள். கையுறை கொடுத்தார்கள்தான். போட்டால் குறடு பிடிக்க வரவில்லை என்று நீ கழற்றி வைத்துவிடுவாய். தலையிலும் காதிலும் மட்டும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வாய். நான்கைந்து வருஷத்தில் உன் உள்ளங்கை மாட்டுக்குளம்பு மாதிரி ஆகிவிட்டது. அடுப்பிலிருந்து நெருப்புக் கங்கை விரலால் எடுத்துப் பீடி பற்றவைப்பாய். தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். எங்க நைனாவை நெருப்பு சுடாது என்று நான் அலட்டிக்கொள்வேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

எனக்கு ஏழு வயதில் அந்தத் தீபாவளி வந்தது. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வடைக்கு அரைக்கப் போய்விட்டாள். அண்டாவிலிருந்து வெந்நீரை ஊற்றி விளாவியது நீ. கையை முழுசாக உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாய். "பதமா கீது கண்ணு, கால வை" என்றாய். நீ சொன்னால் எனக்குச் சரி. இடது காலை வைத்தேன்.

கொதிக்கிற தண்ணீர் நைனா அது. உன் கைக்கு அது வெதுவெதுப்பு. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினாய். வழியெல்லாம் பட்டாசுச் சத்தம், அதற்கும் மேலே என் அலறல். கால் ஆறிவிட்டது. பாதத்தின் மேலே மட்டும் ஒரு வெற்றிலை அளவுக்குத் தழும்பு நின்றது. அன்றைக்குப் பிறகு எனக்காக ஒரு சொம்புத் தண்ணீர்கூட நீ தொட்டதில்லை. தள்ளி நின்று, "அம்மாவ ஊத்தச் சொல்லு" என்பாய்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழியில் இவன் பிறந்தான், எட்டாம் மாசம் முடியாமலே. அம்மா போய் இரண்டு வருஷமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, இனி வீட்டில் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. நான்கு மருந்து பாட்டிலும் ரப்பர் மூடியும் கொண்டுவந்தது அவள்தான். வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, பிள்ளையின் இரண்டு பக்கமும் காலடியிலும் வைக்க வேண்டும். சூடு குறைந்தால் பிள்ளை தங்காது, கூடினால் அந்தத் தோல் வெந்துபோகும். முக்கால் மணிக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவள் டூட்டிக்குப் போய்விட்டாள். எனக்கோ ஜன்னி மாதிரிக் காய்ச்சல், எழுந்தால் சுவர் சுற்றும்.

நீ பாட்டிலில் வெந்நீர் நிரப்பி எடுத்துக்கொண்டு பிள்ளையிடம் வந்தாய்.

"நீ தொடாத நைனா," என்று கத்தினேன். "உன் கைய நம்பித்தான என் காலு இப்டி கீது."

சொல்லியே விட்டேன். அத்தனை வருஷத்தில் வீட்டில் ஒருவரும் எடுக்காத பேச்சு. நீ கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாய், அவ்வளவுதான். அப்புறம் மணையைப் போட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாய். பாட்டிலை முன்கையில் வைத்தாய். அங்கே பொறி பட்டுப் பட்டுத் தடித்திருந்தது. கன்னத்தில் வைத்தாய். அதுவும் உலையைப் பார்த்தே காய்ந்த தோல். உன் உடம்பிலேயே சூடு தெரிகிற இடம் எங்கே என்று நீ தேடிக்கொண்டிருந்தாய். நான் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலைத்துண்டை அவிழ்த்து, பாட்டிலைக் காதுக்குப் பின்னால் வைத்தாய். சட்டென்று எடுத்தாய்.

"இங்க தெரியுது கண்ணு. துண்டு மூடிகினே இருந்த எடம். இத மட்டும் உலை பாக்கல."

அன்று தொடங்கியது. மிச்சமிருந்த லீவையெல்லாம் போட்டாய். லீவு தீர்ந்ததும் ஸ்டெல்லா அக்காவின் டூட்டிக்குத் தகுந்தமாதிரி உன் ஷிப்டை மாற்றிக்கொண்டாய். அவள் வரும்வரைக்கும் நீ, நீ திரும்பும்வரைக்கும் அவள். நிரப்புவாய், காதுக்குப் பின்னால் வைப்பாய், எடுப்பாய், கொஞ்சம் ஆறவிடுவாய், மறுபடி வைப்பாய். ஏரிக்காற்று கீற்றுக்குள் புகுந்து வரும். நீ ஓட்டைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாய்.

"இன்னா அண்ணாத்தே, ட்ரங்க் கால் வந்துகீதா?" என்று ஸ்டெல்லா அக்கா கிண்டல் பண்ணுவாள்.

"பேரன்தான் பேசறான். கொஞ்சம் ஆறட்டும், அப்பறமா வைன்றான்."

ஒரு நாள் மத்தியானம், மாசம் ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும், அதுவரை பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தவன் வீரிட்டு அழுதான். நீ பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "கம்பெனி சங்கு மாரி கீதே கொரலு" என்றாய். பிறகு வாசலுக்குப் போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றாய். பிள்ளை பிழைத்துவிட்டான் என்று நான் அப்போதுதான் நம்பினேன்.

அவன் தேறி நடக்கத் தொடங்கிய பிறகும், அவன் குடிக்கிற பால், குளிக்கிற தண்ணீர் எல்லாம் உன் காதைத் தாண்டித்தான் போயின. இன்னொன்றும் செய்தாய். அதுவரை வேலைக்கு மட்டும் கட்டிய துண்டை வீட்டிலும் அவிழ்க்காமல் இருந்தாய். கேட்டால் குளிர் என்றாய். பங்குனி வெயிலில் என்ன குளிர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மண்டு நான்.

நீ போனது எழுபதுகள் முடியும்போது. கடைசிக் குளியலுக்கு உன்னை வாசலில் உட்காரவைத்து ஒவ்வொருவராக எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். என் முறை வந்தது. உச்சியில் வைத்த எண்ணெய் வழிந்தது, துடைக்கப் போனேன். விரல் உன் வலது காதுக்குப் பின்னால் சொரசொரவென்று எதிலோ தட்டியது. காதை மடக்கிப் பார்த்தேன். உன் உடம்பில் உலை பார்க்காத அந்த ஒரு விரற்கடை இடம் முழுக்கச் சூட்டுத் தழும்பு. ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி. ஒவ்வொரு பாட்டிலும் முதலில் உன்னைச் சுட்ட பிறகுதான் அவனிடம் போயிருக்கிறது.

ஸ்டெல்லா அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"தெரியும்மே," என்றாள். "புண்ணுக்கு மருந்து வச்சி உட்டதே நான்தான். உங்கைல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. 'பொண்ண ஒரு தபா சுட்டுட்டேன். இதுவும் தெரிஞ்சா தாங்காது, அழும்'னாரு."

எத்தனை பெரிய மனுஷன் நைனா நீ. என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பேச்சுக்கு இப்படியா ஒரு பதில் சொல்வாய். "அன்னிக்குச் சொன்னத மனசுல வச்சுக்காத நைனா" என்று உன் காதோரமாகச் சொன்னேன். கேட்கிற காது இல்லை அது. நீ உயிரோடிருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காலை இவனைக் கிட்டே கூப்பிட்டேன். குனியச் சொல்லி, காதை மடக்கிப் பார்த்தேன். குழந்தைத் தோல் மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுத் தழும்பு இல்லை.

"இன்னாம்மா தேடற?"

"ஒண்ணுமில்ல. சூடு எப்டி கீது?"

"பதமா கீது. கால வை."

இடது காலை முதலில் வைத்தேன் நைனா.