ஒத்துக்கொண்டால் பள்ளிக்கூடம் உண்டு

ஜூன் 14

அம்மாவுக்கு இன்று வரமுடியவில்லை. தேயிலைக் கொழுந்து அதிகமாக விழுகிற நேரம், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டில் நிற்காவிட்டால் மேற்பார்க்கிற கண்டாக்கு சத்தம் போடுவார். தம்பியைப் பார்க்க நான் மட்டும் வட்டகொடையில் ரயில் ஏறினேன்.

கொண்டுபோன புவியியல் புத்தகத்தைச் சிறை வாசலில் உதறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். வலைக்கு அந்தப் பக்கம் திலக்ஷன். மெலிந்துவிட்டான்.

"உள்ள வெளிச்சமே இல்லக்கா. ஒரு எடத்துல ஒக்காந்து படிக்க முடியல."

நவம்பரில் அவனுக்கு உயர்தரப் பரீட்சை. லிந்துலையில் டியூஷன் முடிந்து வரும்போது தெரிந்தவன் ஆட்டோவில் ஏறினான். வழியில் பொலிஸ் மறித்தபோது பின்சீட்டுக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடந்தது, தோட்டத்து ஸ்டோரில் களவு போன தேயிலை மெஷின் மோட்டார். அவ்வளவுதான் அவன் செய்தது. ஏறினான்.

ஜூன் 20

பிணை கொடுத்துவிட்டார்கள். ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். எங்கள் லயத்து வீடுகளில் அப்படி யார்? அரசாங்கப் பள்ளியில் தம்பிக்குப் படிப்பித்த கிருஷாந்தி டீச்சர் வீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். தேத்தண்ணி கொடுத்தார். எங்களுக்கு முன்னால் அவரே அழுதார்.

"எங்க வீட்டுக்காரர் வேணாங்குறாரு பிரேமினி."

குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

ஜூன் 21

யாரும் இல்லை.

ஜூலை 9

சிறைக்குள் வகுப்பு நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நலன்புரி அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"அது தண்டனை கெடச்சவங்களுக்கு. இவர் ரிமாண்ட்தானே?"

செய்தேன் என்றவனுக்குப் பாடம் உண்டு. செய்யவில்லை என்று நிற்கிறவனுக்கு இல்லை. இதை யாரிடம் கேட்பது?

ஜூலை 25

வக்கீல் மதுசூதனன் சேர் தம்பியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: வழக்கு இழுத்துக்கொண்டே போகும். ஒத்துக்கொண்டால், வயது குறைவு என்பதால் சிறைக்கு அனுப்பாமல் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பக் கேட்கலாம். அங்கே வகுப்பு இருக்கிறது. பரீட்சையும் எழுத விடுவார்கள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொன்னார்.

ஜூலை 28

"நான் ஒத்துக்கப் போறேன்க்கா."

"செய்யாதத எதுக்குடா ஒத்துக்குவ?"

"இப்படியே கெடந்தா நவம்பர் போயிரும். அங்க போனா எழுதிருவேன். கெம்பஸ் கெடச்சிட்டா இதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு என்ன வழி என்று அவன் திருப்பிக் கேட்டால்? பார்க்கும் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6

குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். திலக்ஷன் "குற்றவாளி" என்றான். சத்தமாக, வகுப்பில் எழுந்து விடை சொல்கிறவன் மாதிரி. ஒரு வருடம் சீர்திருத்தப் பள்ளி.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். தலவாக்கலை வந்தபிறகு அம்மா கேட்டாள்:

"அப்ப அவன் எடுத்தானா?"

"எடுக்கலம்மா. எத்தன தடவ சொல்றது?"

"பெறகு ஏன் அப்படிச் சொன்னான்?"

செப்டம்பர் 15

கீழ்நாட்டில் இருக்கிறது அந்த இடம். வெயில் தாங்கவில்லை. ஆனால் சுத்தமாக இருந்தது. ஜன்னல் வழியே கரும்பலகை, மேசைகள், வரிசையாகப் பையன்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம்தான். பாடம் முழுக்கச் சிங்களத்தில் நடந்துகொண்டிருந்தது.

"தெமல டீச்சர் கெனெக் நே, நங்கி," என்றார் பொறுப்பான ஐயா. தமிழ் டீச்சர் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறாராம், யாரும் வரவில்லையாம். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"பின்னால ஒக்காந்து நானே படிச்சிக்கிறேன்," என்றான் தம்பி. "ஆனா சேர் பேசுற சத்தத்துல வாசிச்சதெல்லாம் கலஞ்சு போயிருதுக்கா."

நவம்பர் 2

பரீட்சை அனுமதி அட்டை வந்தது. தபாலை நம்பாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி இரண்டு கையாலும் வாங்கினான்.

நவம்பர் 27

ஒப்பீஸ் போனிலிருந்து பேசினான்.

"சிங்களத்துல எழுதுற பசங்களுக்கு இங்க மண்டபத்துலயே பரீட்சை. தமிழ்ல எழுதணும்னா டவுன் ஸ்கூலுக்குப் போகணுமாம். கூட்டிட்டுப் போக ஆள் இல்லங்குறாங்க. ஒருத்தனுக்காக வாகனம் விட முடியாதாம்."

"அடுத்த பேப்பருக்காவது—"

"அதுக்கும் இல்லக்கா. கேட்டுட்டேன்."

குளிச்சு, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, காலையில இருந்து கேட் பக்கத்துல நின்னிருக்கான். பாவிங்களா! நீங்க கேட்டதத்தானே சொன்னான்? செய்யாததச் செஞ்சேன்னு சொன்னானே, இன்னும் என்னதான் வேணும் ஒங்களுக்கு—

வக்கீலுக்கு எடுத்தேன். "எழுத்துல ஒரு முறைப்பாடு குடுப்போம்மா," என்றார். கொடுத்தோம்.

டிசம்பர் 19

பரீட்சை முடிந்துவிட்டது. முறைப்பாட்டுக்குப் பதில் இல்லை.

பெப்ரவரி 10

புத்தகங்களைக் கட்டி வைத்திருந்தான். "எடுத்துட்டுப் போயிரு அக்கா, இங்க ஈரம்." அந்த ஊரில் ஏது ஈரம்?

பேசும்போது நடுநடுவே சிங்கள வார்த்தை வருகிறது. அவனுக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 8

வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா மீன் வாங்கிச் சமைத்தாள். சாப்பிட்டுவிட்டு, லயத்து ஆட்கள் மத்தியான வேலைக்குப் போகும்வரை உள் அறையிலேயே இருந்தான்.

இன்னொரு தடவை விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "யாரு படிக்கிறது?" என்றான். கோபமில்லை. உண்மையாகவே கேட்டான்.

ஆகஸ்ட் 21

அம்மா அவனைத் தோட்ட ஒப்பீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மலையில் ஏதாவது வேலைக்குப் பேர் பதியச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பெரிய கிளாக்கர், "நம்ம ஸ்டோருல களவெடுத்தேன்னு கோர்ட்டுல அவனே ஒத்துக்கிட்டானேம்மா. நான் எப்படிப் பதியிறது?" என்றாராம்.

அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

செப்டம்பர் 30

கொழும்பில் ஹாட்வெயார் கடையொன்றில் சேர்ந்திருக்கிறான். இன்று பேசினான். இடம் பரவாயில்லையாம், கடைக்கு மேலேயே படுக்கையாம்.

"மொதலாளி சிங்களவருக்கா. தோட்டத்துப் பையன் இவ்வளவு நல்லா சிங்களம் பேசுறியே, எங்க படிச்சன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஸ்கூல்லன்னு சொன்னேன்."

"எந்த ஸ்கூல்னு கேக்கலையா?"

"கேக்கல."

கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.