குமிழி அடங்கும் வரை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

கோணல் மாணலான இந்த எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. வரி மேலே ஏறுகிறது, கீழே சறுக்குகிறது. அறுபத்தெட்டு வயதில் பிடித்த பேனா அல்லவா? மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மாலை வகுப்பு டீச்சர் சிரிக்கிறாள்: "தாத்தா, உங்க எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசாம தள்ளித் தள்ளி நிக்குதே." "எங்க வீட்டு ஆளுங்க மாதிரிம்மா" என்றேன்.

ஆமாம், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை உன்னிடமும் மறைத்தேன்; வேலைக்குப் போன ஊரில் கற்றுக்கொண்டதாகச் சொன்னதை நீ நம்பினாய். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படம்தான் பார்த்தேன். இப்போது பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு, சோப்பு உறை எல்லாம் என்னோடு பேசுகின்றன. சத்தம் போட்டுப் படித்து அக்கம்பக்கத்தாரின் உயிரை வாங்குகிறேன்.

போன வாரம் பெட்டியில் கிடந்த ஒரு தாளைப் படித்தேன். நாம் வேலை பார்த்த சாயப்பட்டறையில், நீ நான்கு நாள் பயிற்சிக்குப் போகும்போது கழிவுநீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டிய தாள். "படிச்சீங்களாண்ணே?" என்று கேட்டாய். "படிச்சாச்சுடா, போயிட்டு வா" என்றேன்.

முதலில் அமிலம், பிறகு இரும்பு உப்பு, அப்புறம் பெராக்சைடு. இரும்பு தூண்டிவிட, பெராக்சைடு சாயத்தை அரித்துத் தீர்க்கும். அந்த வரிசை எனக்குக் கைப்பழக்கம். ஆனால் வால்வை எப்போதும் நீதான் திறப்பாய். அதைப் பற்றித்தான் கடைசி வரி: "நிறம் போனதும் திறக்காதீர்கள். பெராக்சைடு மிச்சம் இருக்கும். குமிழி அடங்கும் வரை காத்திருங்கள்."

தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனதுமே பெருமையோடு திறந்துவிட்டேன். அடுத்த தொட்டியில் மிச்ச அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அத்தனையும் செத்தன. நாற்றம் எழுந்ததும் பயந்துபோய்த் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். விசாரணையில் முதலாளி கேட்டபோது, "தாள்ல இருந்தபடிதான் செஞ்சேங்க" என்றேன். காட்டத் தாள் இல்லாமல் பழி உன்மேல் விழுந்து, உன் வேலை போயிற்று.

நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். இதை என் கையாலேயே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

உன் அண்ணன்

*

மார்ச் 19

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து புரிகிறது.

அந்த வரியை எழுதினேனா இல்லையா என்று ஒன்பது வருடம் யோசித்தேன். கடைசியில், எழுதவில்லை என்று நானே நம்பிவிட்டேன். பிறகு எந்தத் தொட்டிக்கும் அளவு சொல்லத் தைரியம் வரவில்லை. மூன்று இடங்களில் சேர்ந்து, மூன்றிலும் நின்றுவிட்டேன். இப்போது ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணுகிறேன். எண்ணியதையே திரும்ப எண்ணுகிறேன்.

படிக்கத் தெரியாததற்காக எனக்குக் கோபமில்லை. விசாரணையின்போது என் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே சொன்னீர்கள்?

இனி எழுத வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலாளியிடம் காட்டி, உன் பெயரைச் சரி செய்யச் சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்டில் பூட்டு. "யாருகிட்ட காட்டப் போறீங்க பெரியவரே? வித்துட்டுப் போய் நாலு வருஷமாச்சு" என்றார் காவல்காரர். தொட்டியில் மழைத்தண்ணீரும் பாசியும்தான் இருந்தன.

தாளைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் மனைவியிடமாவது காட்டு.

அண்ணன்

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. உறைமேல் சிவப்பு மையில் என்னவோ எழுதியிருந்தது. "படிச்சுச் சொல்லட்டுமா?" என்று தபால்காரர் கேட்டார். "வேணாம்பா, எனக்கே தெரியும்" என்று எழுத்துக் கூட்டினேன். "வாங்க மறுத்துவிட்டார்." ஒரு தப்பும் இல்லாமல் படித்தேன். "பரவாயில்லையே" என்று தபால்காரர் தட்டிக்கொடுத்தார். பொருள் உறைக்கும் வரை எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த உறையில் என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். யாரோ என்று நினைத்து நீ வாங்கிவிடக் கூடாது. தெரிந்தே மறுக்க வேண்டும்; அந்த உரிமை உனக்கு உண்டு.

அடுத்த வாரமும் எழுதுகிறேன்.

அண்ணன்